காந்தம் ஒட்டவில்லை என்றதும் நம்பிவிட்டேன்: மும்பையில் பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு மும்பைத் துறைமுகத்தில் ஒரு பழைய பாய்ப்படகு வைத்திருக்கிறோம். 24 அடி, ஃபைபர் உடம்பு, வயது முப்பதுக்கு மேல். செம்பூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இது தேவையா என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. அப்பா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர், அந்த ரத்தம் என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

போன மழைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோது, பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிகளை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு, ஆக ஆறு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பழைய உரிமையாளருக்கே நினைவில்லை. இந்தக் கம்பிகள் வெளியே பளபளவென்று இருக்கும், ஆனால் கம்பி முனையில் அழுத்திப் பொருத்திய குழாய்க்குள் உப்புத்தண்ணீர் தங்கி உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

படகுத்துறையில் யாரோ சொல்லி ஒரு தமிழ்த் தம்பி வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பேச்சு. “அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள என்ன கணக்கு” என்றார். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ், 5 மில்லிமீட்டர், 1×19 கம்பி, முனைகளை மெஷினில் அழுத்தித் தருவதாகப் பேச்சு. 92,000 ரூபாய், முன்பணம் 60,000. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கம்பியில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. “பாத்துக்கிடுங்க, ஒரிஜினல்.” மீதி பாதியும் விழுந்தேன்.

அந்தக் காந்தம் எதையுமே நிரூபிக்காது. மலிவான ஸ்டெயின்லெஸ் கிரேடான 304-உம் சாதாரணமாகக் காந்தத்தில் ஒட்டாது, 316-உம் ஒட்டாது. கம்பியாக இழுக்கும்போது 304 லேசாக ஒட்டவும் செய்யலாம், ஒட்டாமலும் போகலாம். 316-இல் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது, கடல் உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தத்துக்கு மாலிப்டினம் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

இரண்டாவது ஏமாற்று இன்னும் மோசம், அது எங்கள் கண்ணெதிரிலேயே நடந்தது. 1×19 என்பது பத்தொன்பது தடித்த இழைகளை முறுக்கியது. விறைப்பாக நிற்கும், அதிகம் நீளாது, பாய்மரத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் சுலபமாக வளையாது என்பதால், முனையில் குழாயைச் செருகி உருளை மெஷினில் அழுத்த வேண்டும். தம்பியிடம் மெஷினே இல்லை. அதனால் வளையக்கூடிய 7×19 கம்பியை (மெல்லிய இழைகள் பத்தொன்பது கொண்ட ஏழு புரிகளை முறுக்கியது) வாங்கி, முனையைக் கண்ணிபோல் மடக்கி, அலுமினிய வளையத்தைக் கைப்பிரஸ்ஸில் நசுக்கிவிட்டார். பாயை ஏற்றி இறக்கும் கம்பி அது. அதே தடிமனில் 1×19 ஏறத்தாழ இரண்டு டன் தாங்கும் என்றால் இது ஒன்றரை டன்னைச் சுற்றி நிற்கும். ஸ்டெயின்லெஸ்ஸோடு அலுமினியம் உப்புத்தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். கேட்டதற்கு, “இது லேட்டஸ்ட் மாடல் அண்ணாச்சி, அப்கிரேடு” என்றார். சரி என்றோம்.

அக்டோபரில் படகை இறக்கினோம். மூன்று வாரத்தில் கம்பியெல்லாம் டீக்கறை போலப் பழுப்பு.

நவம்பரில் ஒரு ஞாயிறு, துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் மாண்ட்வாவிலிருந்து கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று நன்றாக ஏறியிருந்தது. இடப்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். மேல் கம்பி வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வந்து தளத்தில் விழுந்தது, பாய்மரம் வில்லாக வளைந்தது. சுக்கானில் இருந்த நண்பர் யோசிக்காமல் படகை மறுபக்கம் திருப்பினார். பாரம் வலப்பக்கக் கம்பிக்கு மாறியதால்தான் மரம் முறியவில்லை. அப்புறம் பாய்களை இறக்கி, பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சான்களில் சும்மா கிடந்த ஒன்றைக் கம்பி போன பக்கம் இழுத்துக் கட்டி, மோட்டாரில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் மூன்று பேரும் மேலேயே பார்த்துக்கொண்டு வந்தோம்.

கப்பல் இன்ஜினியரான ஒரு நண்பர் மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து கொண்டுவந்து கம்பியில் விட்டார். மாலிப்டினம் இருந்தால் நிறம் மாற வேண்டும். மாறவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘எஸ்எஸ் ரோப், ஆறு பீஸ்’ என்று மட்டும் இருக்கிறது. கிரேடும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. போன் போட்டால் முதல் இரண்டு நாள் “ஊர்ல இருக்கேன் அண்ணாச்சி”, அதற்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

இப்போது கம்பியைச் சுருளாகவே ஆலைச் சான்றிதழோடு வாங்கி, முனைகளை அழுத்துவதை மெஷின் வைத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் நின்று செய்துகொண்டோம். அழுத்திய குழாயின் விட்டத்தைக் காலிப்பர் வைத்து அளந்தும் பார்த்தேன். கேலி செய்தார்கள், செய்யட்டும்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. கம்பியைத் திருகி இறுக்கும் பழைய டர்ன்பக்கிள் ஆறும் நல்ல கனத்த வெண்கலம், குரோம் பூச்சு மட்டும் உரிந்திருந்தது. “குப்பை அண்ணாச்சி, நானே போட்டுடறேன்” என்று தம்பி சாக்கில் கட்டி எடுத்துப் போனார். பழைய இரும்புக் கடைகள் இருக்கும் தாருகானா பக்கம் எடைக்குப் போயிருக்கும். ஒவ்வொன்றிலும் ‘நான்கு’ என்று ஆணியால் கீறிய அடையாளம் உண்டு, எங்கள் படகு நிற்கும் இடத்தின் எண். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், விலை கொடுத்தே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.