எல்லாருக்கும் இசை வகுப்பா, சிலருக்கு மட்டும் பாடகர் குழுவா?

கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் இசைக்கென்று கொஞ்சம் நேரமும் பணமும் இருந்தால், அதை எதில் போடுவது? நன்றாகப் பாடும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பாடகர் குழு அமைக்கலாம். அல்லது எல்லா வகுப்புக்கும் வாரம் இரண்டு பீரியடு இசையைப் பாடமாகவே வைக்கலாம். தனிக் கட்டணத்தில் பியானோ, வயலின் கற்பிப்பது மூன்றாவது வழி. அது பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பாடகர் குழுவின் பலன் உடனே காதில் விழும். நான்கு குரலில் ஒரு பாமாலைப் பாட்டைப் பழகும்போது ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடும் பெண்ணைக் கவனியுங்கள். பக்கத்தில் சோப்ரானோ, அதாவது உயர்ந்த குரல், மெட்டை இழுத்துக்கொண்டு போகும். அதன் பின்னால் போய்விடாமல், அவள் மூன்று நான்கு சுரத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். அவள் வரியைத் தனியாகக் கேட்டால் பாட்டு போலவே இருக்காது, மற்றவர்களோடு சேரும்போதுதான் அது பாட்டாகிறது. சபை என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக ஒரு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிவிட முடியாது.

ஆனால் பொறுக்கியெடுப்பதற்கு ஒரு விலை உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துத் தாமஸ் பள்ளியின் இசைப் பொறுப்பில் இருந்த இசையமைப்பாளர் பாக், 1730-இல் நகர மன்றத்துக்கு எழுதிய மனுவில் மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்: 17 பேர் தேறியவர்கள், 20 பேர் இன்னும் தேறாதவர்கள், 17 பேர் உதவாதவர்கள். ஞாயிறுதோறும் பல ஆலயங்களுக்குப் பாடகர்களை அனுப்ப வேண்டிய நெருக்கடி அவருக்கு. இன்றைய பள்ளிக்கு அது இல்லை, பிரிக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் படித்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்த நண்பனிடம் "வாயை மட்டும் அசை" என்றார்கள். அப்புறம் அவன் ஆராதனையில் பாடி நான் பார்க்கவே இல்லை.

வகுப்பில் அப்படி யாரையும் வெளியே நிறுத்த முடியாது. தாளம் தட்டலாம், சுரம் வாசிக்கலாம், பாடும் வரிக்கு என்ன பொருள் என்று பேசலாம். டோ ரே மீ-யின் மூலமே ஒரு வகுப்பறைதான். 11-ஆம் நூற்றாண்டில் கீதோ என்ற துறவி, யோவான் ஸ்நானகன் மீதான ஒரு பாட்டின் அடிகள் தொடங்கும் அசைகளைச் சுரப்பெயர்களாக்கினார் (அப்போது டோவின் இடத்தில் ஊட்). கேட்டறியாத பாட்டையும் சிறுவர்கள் தாங்களே பார்த்துப் பாட வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

வகுப்புக்கும் குறை உண்டு. பயிற்சி இல்லாத ஆசிரியர் கையில் அது பாட்டைப் போட்டுக் கேட்கும் பீரியடாகிவிடும். நான்கு குரல் ஒன்றாய்ச் சேரும் அந்த அனுபவத்தையும் வாரம் இரண்டு பீரியடில் தந்துவிட முடியாது. இசை படித்தால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று சொல்லி வகுப்பைக் கேட்டு வாங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. துதிக்கக் கற்றுக்கொடுக்க வேறு காரணம் எதற்கு?

ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு வகுப்புக்கே. வேதாகமத்தில் 1 நாளாகமம் 25-இல், ஆலயப் பணிக்குத் தேர்ந்த பாடகர் 288 பேர். அங்கேயும் ஆசானும் மாணாக்கனும் ஒன்றுபோலச் சீட்டுப் போட்டுத்தான் முறை பிரித்துக்கொண்டார்கள். நல்ல வகுப்பு நடந்தால் பாடகர் குழு அதிலிருந்தே வரும். குரல் உடையும் வருடத்தில் ஒரு பையனை அனுப்பிவிடாமல், ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும் வரியைக் கொடுத்து வைத்துக்கொண்டால், பதினோராம் வகுப்பில் அவனே பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாட வந்து நிற்பான்.