8 கோரா, 24 கோரா: கேம் விளையாட எந்தப் ப்ராசஸர்?

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன், இன்டெல் வாங்கட்டுமா ஏஎம்டி வாங்கட்டுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது மானிட்டரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றித்தான். 4கே மானிட்டரில் எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்து ஆடினால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் முதலில் திணறும். அங்கே ப்ராசஸரை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுபவர்தான் ப்ராசஸரைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கையில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு சின்ன சோதனை. ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது) அசையவே இல்லையென்றால் முட்டுக்கட்டை ப்ராசஸர். மளமளவென்று ஏறினால் அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

சரி, ப்ராசஸர்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். 2023இல் வந்த இரண்டை எடுத்துக்கொள்கிறேன். இன்டெல் கோர் ஐ9 14900கே: 24 கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி), 6 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம், அறிமுக விலை 589 டாலர். ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி: 8 கோர், 5 கிகாஹெர்ட்ஸ், 449 டாலர். காகிதத்தில் பார்த்தால் இன்டெல் எங்கேயோ இருக்கிறது. கேமில் பெரும்பாலும் ஜெயிப்பது ஏஎம்டி.

காரணம் கேஷ் (cache), அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி. அதில் பெரிய பகுதிக்குப் பெயர் எல்3. 14900கே-யில் எல்3 கேஷ் 36 எம்பி. 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கோர்கள் இருக்கும் சில்லின் தலைமேலேயே 64 எம்பி-யைத் தனியாக அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். தாளிக்கும்போது அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கும், ஒவ்வொரு தடவையும் கடுகு எடுக்கத் தெருமுனைக் கடைக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ரேம்தான் அந்தத் தெருமுனைக் கடை. ஆயிரக்கணக்கான பொருட்களின் நிலையை விடாமல் கணக்கிடும் ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் இது பளிச்சென்று தெரியும்.

கரண்ட், சூடு விஷயத்திலும் அப்படித்தான். 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும்; அதை அடக்கப் பெரிய லிக்விட் கூலர் வேண்டும். 7800எக்ஸ்3டி பெரும்பாலான கேம்களில் 100 வாட்டைக்கூடத் தொடாது, ஒரு நல்ல ஏர் கூலர் போதும். அப்புறம், இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிப் பழுதான பிரச்சினை 2024இல் வெளிப்பட்டது. இன்டெல் மைக்ரோகோட் (சிப்பை உள்ளே இயக்கும் நிரல்) திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் 2 வருடம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதை மறக்கக்கூடாது.

பகலெல்லாம் வீடியோ எடிட்டிங், ரெண்டரிங், இரவில்தான் கேம் என்றால் அந்த 24 கோருக்கு வேலை இருக்கிறது. அவர்களை நான் தடுக்கமாட்டேன்.

இவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு ரைசன் 5 7600, இல்லையென்றால் கோர் ஐ5 12400எஃப். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட் (ஒரே சமயத்தில் 12 வேலைகளைக் கையாளும்). 12400எஃப் பழைய டிடிஆர்4 ரேமிலும் ஓடும். வீட்டில் நல்ல டிடிஆர்4 இருந்தால் அதுவே சிக்கனம். பெயரில் உள்ள எஃப், உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு சர்வீஸுக்குப் போனால் திரை இருட்டாகிவிடும். 7600 அப்போதும் படம் காட்டும்.

ஆனாலும் புதிதாக எல்லாவற்றையும் வாங்குபவருக்கு நான் 7600ஐச் சொல்வது சாக்கெட்டுக்காக, அதாவது மதர்போர்டில் ப்ராசஸரை மாட்டும் இடத்துக்காக. 12400எஃப் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டில், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யையே வைக்கலாம். அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருந்தவர்கள் 5800எக்ஸ்3டி-க்கு மாறியதும் இப்படித்தான். போர்டையும் ரேமையும் தொடவே வேண்டியிருக்கவில்லை.

எதை வாங்கினாலும், மாட்டி முடித்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பாருங்கள். நண்பர் ஒருவர் 6000 வேக ரேம் வாங்கி, பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை) ஆன் செய்யாமல், எட்டு மாதம் 4800இலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.