வண்டிக் கடன் வாங்கியவர்களே, சென்னை வக்கீல் தபாலைச் சும்மா விடாதீர்கள்

திருநெல்வேலிப் பக்கம் பைனான்சில் வண்டி எடுத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

என் அத்தான் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காற்றில் வாழை சாய்ந்து லோடு இல்லாமல் போன சமயத்தில் சில டியூ நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் சென்னை வக்கீல் ஒருவரிடமிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். அத்தான் அன்றைக்கே அதைக் கொண்டுபோய்க் கம்பெனியின் கிளை ஆபீசில் காட்டினார். வசூல் பார்க்கிறவன், “அது சும்மா எல்லாருக்கும் அனுப்புறதுண்ணே. நீங்க டியூவக் கட்டுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றான். அத்தானும் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டி ரசீது வாங்கினார்.

அந்தத் தபால்தான் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ், அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் ஒருவர் தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்ற அறிவிப்பு. இங்கே பணத்தை வாங்கிக்கொண்டே, அங்கே நடுவரிடம் “எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை” என்று காட்டி, முழுக் கடனுக்கும் வட்டி, செலவு சேர்த்துத் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். கட்டிய டியூ அதில் கழிக்கப்படவே இல்லை. பாளையங்கோட்டை கோர்ட்டிலிருந்து ஜப்தி நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அக்கா அழுததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

1996-ஆம் வருஷ ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, நடுவர் கொடுக்கும் தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரி மாதிரியே செல்லும். தீர்ப்பு சென்னையில் ஆனாலும், நம் சொத்து இருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே நேராக நிறைவேற்று மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க, ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணைக்கு இடம் சென்னை என்று போட்டிருந்தால், நாம்தான் சென்னைக்கு ஓட வேண்டும்.

எங்கள் வக்கீல் காகிதங்களைப் புரட்டியதும் கண்டுபிடித்தது, நடுவரை நியமித்ததே கம்பெனிதான் என்பது. அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது செல்லாது. 2015-ல் சட்டத்தைத் திருத்தி, ஒரு தரப்போடு தொடர்புள்ளவர் நடுவராக இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். வழக்கில் அக்கறையுள்ள தரப்பு தன் இஷ்டத்துக்குத் தனி நடுவரை நியமிக்கவும் முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் அந்தத் தடையை விட்டுக்கொடுப்பதானால், தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுதிச் சம்மதிக்க வேண்டும். அதனால் டியூ நின்ற நேரத்தில் கம்பெனி ஆள் ஏதாவது தாளை நீட்டி, “இதுல ஒரு கையெழுத்து மட்டும்” என்று கேட்டால் போடவே போடாதீர்கள்.

நடுவர் முறையே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொண்ட ஒருவர் உட்கார்ந்தால், பங்குதாரர் கணக்குத் தகராறெல்லாம் வருஷக்கணக்கில் கோர்ட் ஏறாமல் முடிந்துபோகும். கடன் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அவர்களே நடுவரையும் ஊரையும் முடிவு செய்துகொள்வதுதான் அநியாயம். கையெழுத்துக்கு முன்னால் அந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், நகல் கேட்டு வாங்குங்கள்.

தபால் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், “நியமனத்தை ஏற்கவில்லை” என்று ரிஜிஸ்டர் தபாலிலேயே பதில் போடுங்கள். கட்டிய ரசீது நகலையும் சேர்த்து வையுங்கள். தீர்ப்பே வந்துவிட்டால், கையெழுத்திட்ட நகல் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ரத்து மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போகும்போது தபால் வந்த கவரையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதிலுள்ள முத்திரைதான் சாட்சி.