மருந்துச் சீட்டைத் தாண்டாத நோய்க் கணக்கு: ஒரு பண்ணைச் செயலியுடன் ஓராண்டு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஆறு கறவை மாடுகளை வைத்துப் பால் சங்கத்துக்கு ஊற்றிவரும் நான், சென்ற ஆண்டு 600 ரூபாய் சந்தா கட்டி ஒரு மாட்டுப்பண்ணைக் கணக்குச் செயலியை வாங்கினேன். நோயால் எனக்கு எவ்வளவு நட்டம் என்பதைக் காட்டும் என்று அதன் விளம்பரத்தில் இருந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். அந்த வரியைத் தவிர மற்றவற்றில் செயலி மோசமில்லை.

மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொடுத்து ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் பக்கம் தொடங்கலாம். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிவந்த மாடானாலும், இங்கேயே வில்லை போட்ட மாடானாலும் வேறுபாடில்லை. சினை ஊசி போட்ட 21ஆம் நாள் மாடு மறுபடியும் பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி போடவும் தவறாமல் நினைவூட்டுகிறது. தொழுவத்தில் இணையம் கிடைக்காதபோதும் பதிவு செய்ய முடிகிறது. தமிழ்தான் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும்: மாடு பருவத்துக்கு வந்ததை 'வெப்பம்' என்றும், பால் வற்றிய மாட்டை 'உலர்ந்த மாடு' என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம், பாலுக்கு ஆள் தேடிவரும் நேரத்தில், நாளுக்கு 12 லிட்டர் கறந்துகொண்டிருந்த ஒரு மாட்டுக்கு மடிநோய் கண்டது. முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரிதிரியாக விழுந்தது. பின்காம்பு ஒன்று தொட்டாலே உதைக்கும் அளவுக்குக் கல்லாக இறுகியிருந்தது. மருத்துவர் வந்து போனதற்கும் மருந்துக்குமாக 1,850 ரூபாய் ஆயிற்று. மாதக் கடைசியில் செயலி காட்டிய 'நோய் இழப்பு' அதே 1,850தான்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மருந்து ஏற்றிய ஐந்து நாளும், அதன் பிறகு மருந்து பாலில் இறங்கும் நான்கு நாளும் நாளுக்குக் கறந்த 8 லிட்டரைச் சங்கத்துக்குக் கொடுக்காமல் கீழே ஊற்றினேன். லிட்டர் 42 ரூபாய் வீதம் அது 3,024. அந்த ஒன்பது நாளும் நாளுக்குக் கறக்காமலே போன 4 லிட்டர் வகையில் 1,512. இதைவிடப் பெரியது பின்னால் வந்தது: கறவை இயல்பாக இறங்குவதை முந்தைய ஈற்றின் கணக்கோடு ஒப்பிட்டுக் கழித்த பிறகும், வற்றும்வரை 150 நாட்களுக்கு நாளுக்கு 2 லிட்டர் குறைந்தது, அது 12,600. மருந்துச் செலவையும் சேர்த்தால் 18,986 ரூபாய். தீவனச் செலவோ ஒரு பைசா குறையவில்லை.

இந்தக் கணக்குக்குத் தேவையான ஒவ்வோர் எண்ணையும் காலையும் மாலையும் நானே செயலிக்குள் பதிந்திருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. உதவி எண்ணில் பேசிய இளைஞர், "செலவே செய்யாத பணத்தை எப்படி சார் செலவில் எழுதுவது?" என்று மரியாதையாகவே கேட்டார்.

எழுதலாம் என்றுதான் உலகம் போய்க்கொண்டிருக்கிறது. லிவர்பூல் பல்கலைக்கழகமும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் முன்னின்று நடத்தும் கால்நடை நோய்ச்சுமைத் திட்டம், மருந்துக்கும் தடுப்பூசிக்கும் செலவானதோடு, நோயே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விளைச்சலுக்கும் இப்போது கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்தே இழப்பு என்கிறது. எத்தியோப்பியாவின் கால்நடைகளை வைத்து அந்த முறையைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கே போடும் கணக்கை ஆறு மாட்டுக்குப் போடுவது மென்பொருளுக்குப் பெரிய காரியமாக இருக்க முடியாது.

இதைவிடக் கோணலான ஒன்றும் உண்டு. பக்கத்தில் கோமாரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட மாதத்தில், 55,000 பெறும் ஒரு மாட்டைப் பயந்து 38,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். செயலி அந்த மாதத்தை 'அதிக வருமானம்' என்று பச்சை நிறத்தில் காட்டி வாழ்த்தும் சொன்னது. கன்று வீசிய, அதாவது சினை கலைந்த, மாட்டின் பக்கத்தில் கன்றின் மதிப்பு சுழியம், ஏனென்றால் அதை நான் விலைகொடுத்து வாங்கவில்லை. கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) மாட்டிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது; கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியை எடுத்த என் மனைவி இரத்தப் பரிசோதனைக்காகப் பாலக்காட்டுக்கு இரண்டு முறை போய்வந்தாள். அதனால் அவள் இழந்த நூறு நாள் வேலைக் கூலியையும், முடிவு வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லாமல் போனதையும் எழுத ஒரு கட்டம்கூட அதில் இல்லை.

நினைவூட்டலுக்காக இந்த ஆண்டும் சந்தா கட்டியிருக்கிறேன். அந்த வகையில் ஐந்துக்கு மூன்று தரலாம். நோய்க் கணக்கை மட்டும் சங்கத்துப் பால் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவருகிறேன்.