இங்க் டாங்க் பிரிண்டருடன் இரண்டு வருடங்கள்

மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் இரண்டு வருடங்களாகப் பாவிக்கும் இங்க் டாங்க் பிரிண்டர் இது. கார்ட்ரிட்ஜ் மாற்றி மாற்றிக் கைப்பணத்தைக் கரைத்தவர்களுக்கு, போத்தல் மையை ஊற்றிப் பல ஆயிரம் பக்கங்கள் அச்சிடலாம் என்பதே பெரிய நிம்மதி; அந்த வகையில் இது ஏமாற்றவில்லை.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. மார்கழி அடைமழையில், வாவிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரம் சுருண்ட ஏ4 தாள்கள் இரண்டிரண்டாக உள்ளே இழுபட்டுச் சிக்கிக்கொண்டன. பிரித்த தாள் கட்டை இறுக மூடும் பெட்டியில் வைக்கத் தொடங்கிய பிறகே அது குறைந்தது. விற்றவர் இதை அன்றே சொல்லியிருக்கலாம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பத்து நாட்கள் ஓய்ந்திருந்தபோது மை உலர்ந்து, எழுத்துகள் கோடு கோடாக விழுந்தன. மையைத் தாளில் தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளையை மூன்று தடவை கொடுத்ததும் சரியாகியது, ஆனால் அதற்குச் செலவான மை முழுவதும் அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதென்று தானே கணக்கிட்டு, ஒரு மாத இறுதியில், சம்பளப் பட்டியல் பாதி அச்சாகியிருந்த வேளையில் இயந்திரம் நின்றேவிட்டது. பஞ்சை மாற்றித் தர நகரத்துக் கடையொன்று நான்கு நாட்கள் எடுத்தது. வேலை சுத்தம், தொலைபேசிக்கு மட்டும் பதில் இல்லை.

மாதத்துக்கு இரண்டு கடிதம் மட்டும் அடிப்பவர்கள், தூள் மையில் இயங்கும் லேசர் பிரிண்டரையே வாங்கலாம்.