கடினக் குழாய் வளைக்கும் கருவித் தொகுப்பு: ஒரு மதிப்பீடு
நீரால் குளிரூட்டப்படும் கணினியை அமைப்பவர்கள், அதில் நீர் ஓடும் கடினப் பிளாஸ்டிக் குழாய்களை வளைப்பதற்கான இந்தத் தொகுப்பில் சிலிகான் கயிறு, 45, 90, 180 பாகை வளைவுகளுக்கான அச்சு, சிறிய ரம்பம், வெட்டிய விளிம்பைச் சீராக்கும் கருவி ஆகியவை உள்ளன. குழாயைச் சூடாக்க வெப்பக் காற்றை ஊதும் ஹீட் கன் தனியாக வாங்க வேண்டும்.

தொகுப்பின் உயிர்நாடி சிலிகான் கயிறுதான். சூட்டில் இளகிய குழாய் வளையும்போது உட்புறம் நசுங்கி நீரோட்டம் குறுகிவிடாமல் அதுவே தாங்குகிறது. சோப்பு நீரில் நனைத்துச் செருகினால் எளிதாக நுழைகிறது, குழாய் ஆறியபின் இழுக்கும்போதும் சிக்குவதில்லை. அச்சும் நன்று. குழாய்கள் அக்ரிலிக், பி.இ.டி.ஜி. என்னும் இரு பிளாஸ்டிக் வகைகளில் வருகின்றன; அக்ரிலிக் குழாய் பி.இ.டி.ஜி. குழாயைவிடக் கூடுதல் வெப்பத்தில்தான் இளகும். எதுவாயினும், குழாயை இடைவிடாமல் உருட்டியபடி, வளைவின் நீளத்தைவிடச் சற்று அதிகமான பகுதியைச் சீராகச் சூடாக்கி, தானாகத் தொய்யும் நிலை வந்ததும் அச்சில் பதித்து, ஆறும்வரை அசைக்காமல் பிடித்திருந்தால் கோணம் துல்லியமாக அமைகிறது. அவசரப்பட்டு ஒரே இடத்தில் வெப்பத்தைக் குவித்தால் குமிழிகள் தோன்றிவிடும். அதை எந்தக் கருவியும் தடுக்காது.

ரம்பம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதன் பற்கள் பெரியவை என்பதால் அக்ரிலிக்கின் விளிம்பு சிதறுகிறது. நுண்பற்கள் கொண்ட வேறொன்றைப் பயன்படுத்துவதே நல்லது. விளிம்பு சீராக்கும் கருவியை மனமாரப் பாராட்டுகிறேன். கூரான விளிம்பு, குழாயை இணைக்கும் ஃபிட்டிங்கினுள் கசிவைத் தடுக்க இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கீறினால் கசிவு நிச்சயம் என்பதால், இது விருப்பத்திற்கு விடக்கூடிய வேலையன்று.

கயிறு 10 மி.மீ. உள்விட்டத்திற்கு மட்டுமே பொருந்தும், 12 மி.மீ. உள்விட்டக் குழாய் வைத்திருப்பவர்கள் அதற்குரிய கயிற்றைத் தனியே வாங்க வேண்டும்.