ஷாக் அப்சார்பர்: நாட்ச்சா, கிளிக்கா, எண்ணெயா?

பின்னால் ஆள் ஏறியதும் பைக் உட்கார்ந்துவிடுகிறது, வேகத்தடையில் டொக்கென்று அடிக்கிறது. உடனே 'ஷாக்கை டைட் பண்ணணும்' என்கிறோம். வீட்டில் செய்யக்கூடியவை மூன்று. மூன்றுக்கும் வேலை வேறு.

முதலில் நாட்ச். ஸ்ப்ளெண்டர், பல்சர் 150 மாதிரி வண்டிகளில் பின் ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தில் ஐந்து படி இருக்கும், அந்தப் படிதான் நாட்ச். சென்டர் ஸ்டாண்டு போட்டு, அந்த வளையத்தில் ஏறிய சேற்றை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, சி ஸ்பானரால் (C எழுத்து மாதிரி வளைந்த ஸ்பானர்) திருப்பினால் பத்து நிமிட வேலை. செலவில்லை. ஸ்பானர் நழுவினால் விரல் முட்டி தோல் போகும், எனக்குப் போயிருக்கிறது. ஆனால் நாட்ச் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. அதே ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், வண்டி உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். மனைவியோடு 25 கிலோ அரிசி மூட்டையும் ஏறும் நாளுக்கு இதுவே போதும். தனியாகப் போகும்போது இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் இடுப்பு சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒருமுறை சர்வீஸிலிருந்து வந்த என் வண்டியில் இடது இரண்டு, வலது மூன்று!

அடுத்து ரீபவுண்ட் கிளிக், அதாவது ஷாக்கில் 'கிளிக் கிளிக்' என்று திருகும் திருகு. விலை கூடிய வண்டிகளில்தான் உண்டு. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. பாரத்துக்கு இது மருந்தல்ல. ஒவ்வொரு கிளிக்காக மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

ஃபோர்க் எண்ணெய் முன்பக்க விவகாரம். முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு குழாய்க் கால்கள்தான் ஃபோர்க், எண்ணெய் அதற்குள் இருக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு குப்புற விழும் வண்டிக்கு 10W எண்ணெய்க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 15W ஊற்றினால் அமுங்குவதும் எழுவதும் நிதானமாகும். அளவு கண்ணாடி வைத்து இரண்டு காலுக்கும் மில்லி சுத்தமாக ஒரே அளவு ஊற்ற வேண்டும். மேல் மூடி ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கழற்றும்போது முகத்தை மேலே நீட்டாதீர்கள். முதல் தடவை என்றால் மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

என் ஓட்டு நாட்ச்சுக்குத்தான். ஆனால் அதற்கு முன் சீட்டின் பின்பகுதியை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் சரி. ஊஞ்சல் மாதிரி ஆடினாலோ, ஷாக் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ ஐந்தாவது படியும் காப்பாற்றாது. ஜோடியாகப் புதுசு மாற்றுங்கள்.